எப்சம் உப்பும் செடிகளும்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் மூன்றாவது ஆளாக எப்சம் உப்பு வந்து உட்கார்ந்துவிடுகிறது. இலை மஞ்சளா, எப்சம் உப்பு போடு. பூ உதிர்கிறதா, எப்சம் உப்பு போடு. செடி நன்றாகத்தான் இருக்கிறதா, பரவாயில்லை, மாதம் ஒரு ஸ்பூன் போட்டு வை. விதை வாங்க வருகிறவர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள், சொந்தக்காரர்கள் என்று ஆளாளுக்கு என்னிடம் கேட்டதையும் நான் சொன்னதையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. எளிதானவை முதலில், போகப் போகக் கொஞ்சம் சிக்கல்.

எப்சம் உப்புன்னா என்ன? பார்க்க கல்லுப்பு மாதிரிதானே இருக்கு?

பார்க்கத்தான் அப்படி. கல்லுப்பு சோடியம் குளோரைடு. எப்சம் உப்பு மெக்னீசியம் சல்பேட், அதாவது மெக்னீசியமும் கந்தகமும் சேர்ந்த ஒன்று. லண்டனுக்குத் தெற்கே எப்சம் என்ற ஊரில் கசப்பான ஊற்றுநீர் ஒன்று 17ஆம் நூற்றாண்டில் பேர் போனது, அந்தத் தண்ணீரைக் காய்ச்சி எடுத்ததால் இந்தப் பெயர். நம் ஊர்ப் பழைய ஆட்கள் பேதி உப்பு என்பார்கள், எதற்குப் பயன்பட்டது என்று விளக்கவே வேண்டாம்.

கடையில் கிடைக்கும் படிகத்தில் ஒவ்வொரு மூலக்கூறோடும் ஏழு நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். அதனால் ஒரு கிலோ வாங்கினால் அதில் பாதிக்குச் சற்று மேல் தண்ணீர்தான். மெக்னீசியம் 100 கிராமை ஒட்டி இருக்கும், கந்தகம் 130 கிராம் அளவு. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூன்றும் அதில் சுத்தமாக இல்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில்.

வீட்ல இந்துப்பு இருக்கு அக்கா, அதையே போடலாமா?

கூடாது. இந்துப்பு மலையில் வெட்டி எடுத்தாலும் சோடியம் குளோரைடுதான், செடிக்குச் சமையல் உப்பைக் கொட்டுவதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. படிகாரமும் இது இல்லை, மயில்துத்தமும் இல்லை. பாக்கெட்டில் மெக்னீசியம் சல்பேட் என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

செடிக்கு மெக்னீசியம் எதுக்கு?

இலையின் பச்சைக்குக் காரணமான பச்சையம் இருக்கிறதல்லவா, அதன் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. அது போதாவிட்டால் பச்சை குறையும், பச்சை குறைந்தால் செடி வெயிலிலிருந்து உணவு செய்துகொள்வது குறையும். கந்தகம் புரதம் கட்டுவதற்கு வேண்டும். வெங்காயம், பூண்டு, கடுகு இவற்றின் காரவாசனையே கந்தகச் சேர்மங்களால்தான்.

இரண்டும் செடிக்கு அவசியம். ஆனால் அவசியம் என்பது வேறு, உங்கள் தொட்டியில் குறைவாக இருக்கிறது என்பது வேறு. பெரும்பாலான தொட்டிகளில் இவை ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சு. எப்சம் உப்பு போடட்டுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த இலை? அடியில் உள்ள பழைய இலையா, நுனியில் உள்ள கொழுந்தா? மெக்னீசியம் செடிக்குள் இடம் மாறக்கூடிய சத்து. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவி கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் முதலில் அடி இலைதான் மஞ்சளாகும், அதுவும் நரம்புகள் பச்சையாகவே நிற்க, நரம்புக்கு நரம்பு நடுவில் இருக்கும் பகுதி மட்டும் வெளுக்கும். தக்காளியில் அடி இலை ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், பச்சை நரம்புகள் வலை போட்டது போலத் தெளிவாகத் தெரிந்தால் மெக்னீசியத்தைச் சந்தேகிக்கலாம். எலுமிச்சை, சாத்துக்குடியில் இன்னும் தெளிவாக இருக்கும்: இலை ஓரமெல்லாம் மஞ்சளாகி, காம்புப் பக்கம் மட்டும் பச்சை ஒரு ஆப்பு வடிவத்தில், கூர்முனை இலை நுனியைப் பார்த்தபடி மிஞ்சி நிற்கும்.

இதே நரம்புப் பச்சை, நடு மஞ்சள் கொழுந்தில் தெரிந்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. அடி இலை முழுக்க ஒரே சீராக, நரம்பும் சேர்ந்து வெளுத்தால் தழைச்சத்து போதவில்லை. அடி இலையின் ஓரம் காய்ந்து கருகினால் சாம்பல்சத்துக் குறைவாக இருக்கலாம். மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவண்டு மஞ்சளானால் தண்ணீர் அதிகமாகி வேர் மூச்சுத் திணறுகிறது. இலையில் ஊசி குத்தினது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தால் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் செம்பேன் ஊர்ந்துகொண்டிருக்கும். வெண்டையில் மட்டும் ஒரு தலைகீழ் விஷயம் உண்டு: நரம்பு மஞ்சளாகி நடுப்பகுதி பச்சையாக இருந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல், வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். எந்த உப்பும் அதைக் குணப்படுத்தாது. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் வழி.

அப்புறம், அடியில் ஒன்றிரண்டு இலை மஞ்சளாகி உதிர்வதற்கு எந்த வைத்தியமும் வேண்டாம். இலைக்கும் வயதாகும்.

எவ்வளவு போடணும்? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு அளவு சொல்றாங்க.

வயலில் இலைவழித் தெளிப்புக்கு 1 சதவீதக் கரைசல் வரை போவார்கள், அதாவது லிட்டருக்கு 10 கிராம். தொட்டிச் செடிக்கு அவ்வளவு தேவையில்லை. வீட்டு டீஸ்பூனில் தலைதட்டி எடுத்தால் ஏறக்குறைய 5 கிராம் வரும். தோட்டத்துச் செடிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன், வீட்டுக்குள் இருக்கும் செடிக்கு அரை டீஸ்பூன், சிறிய நாற்றுக்கு ஒன்றுமே வேண்டாம். குவித்து அள்ளும் டீஸ்பூன் வேறு, தலைதட்டிய டீஸ்பூன் வேறு, அதை மறந்துவிடாதீர்கள்.

12 அங்குலப் பைக்கு இந்தக் கரைசலில் அரை லிட்டர் போதும். இரண்டு மூன்று வாரம் கழித்து வேண்டுமானால் இன்னொரு முறை. இரண்டு முறைக்கும் புதிதாக வந்த இலைகளில் மாற்றம் தெரியவில்லை என்றால் பிரச்சினை மெக்னீசியம் இல்லை, நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே நன்றாக வெளுத்துப்போன இலை பழையபடி கரும்பச்சை ஆகும் என்று காத்திருக்க வேண்டாம்.

வேருக்கு ஊத்தணுமா, இலையில அடிக்கணுமா?

அவசரத்துக்கு இலை, நின்று நிதானமாக வேலை செய்ய வேர். இலையில் அடித்தால் சில நாளில் பலன் தெரியலாம், ஆனால் அந்த இலைகளோடு முடிந்துவிடும். வேருக்கு ஊற்றினால் மெதுவாகத்தான் ஏறும், ஆனால் புதுத் துளிர்களுக்கும் கிடைக்கும். ஊற்றுவதாக இருந்தால் மண் ஈரமாக இருக்கும்போது ஊற்றுங்கள். காய்ந்து கிடக்கும் வேரின் மேல் உப்புக் கரைசல் போனால் வேர்முனை கருகும். படிகத்தை அப்படியே தண்டைச் சுற்றித் தூவுவதும் வேண்டாம், கரைகிற இடத்தில் மட்டும் உப்பு மிகுந்துவிடும்.

இலையில் அடிப்பதென்றால் வெயில் தாழ்ந்த பிறகு, ஐந்து மணிக்கு மேல், அல்லது விடிகாலையில். சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கு அடித்துவிட்டு இலை பொசுங்கிவிட்டது என்று படம் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் இலையில் தங்கினால் பொசுங்கத்தான் செய்யும். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். ரோஜா, எலுமிச்சை போன்ற வழுவழு இலையில் கரைசல் உருண்டு ஓடினால் காதி சோப்புக் கரைசல் சில சொட்டு சேர்த்துக்கொள்ளலாம்.

மாசம் ஒரு தடவை எல்லாச் செடிக்கும் போட்டா நல்லதுதானே? கெடுதல் ஒண்ணுமில்லையே?

இருக்கிறது. மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் மூன்றும் வேரின் ஒரே வாசல் வழியாக முண்டியடித்துக்கொண்டு நுழையும் கூட்டம் மாதிரி. ஒன்றை அளவுக்கு மேல் கொட்டினால் மற்ற இரண்டும் வெளியே நிற்கும். பொட்டாஷ், அதாவது பொட்டாசிய உரம், அதிகம் போட்டால் மெக்னீசியம் ஏறாது, மெக்னீசியம் அதிகம் போட்டால் கால்சியம் ஏறாது. சிலருக்கு மெக்னீசியப் பற்றாக்குறை வருவதே மண்ணில் அது இல்லாததால் அல்ல, பொட்டாஷை அள்ளிப் போட்டதால்.

இன்னொன்று, தொட்டி மூடின பாத்திரம். வயலில் மழை பெய்தால் கரைந்து போகும், தொட்டியில் வடிகால் சரியில்லை என்றால் உப்பு தங்கிக்கொண்டே வரும். தேவை இருக்கிறது என்று தெரியாமல் மாதாமாதம் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இந்த வழக்கத்தைப் பற்றி வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைப் பேராசிரியர் லிண்டா சாக்கர்-ஸ்காட் எழுதியதும் இதே ரகம்தான்: பற்றாக்குறை இருக்கும் பயிருக்கு மருந்து, வீட்டுத் தோட்டத்துக்கு எதற்கும் இருக்கட்டும் என்று போட ஆதாரம் இல்லை.

தக்காளி காய் அடிப்பக்கம் கறுத்து அழுகுது. எப்சம் உப்பு போட்டா நிக்கும்னு சொன்னாங்க.

தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். காயின் அடி முனை கறுத்துத் தோல் போல அமுங்குவது, காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. மேலே முண்டியடிக்கும் கதை சொன்னேனே, அதன்படி பார்த்தால் எப்சம் உப்பு இதைக் கூட்டத்தான் செய்யும்.

பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும், தண்ணீர்தான் சீராக இருக்காது. கால்சியம் தண்ணீரோடு சேர்ந்துதான் காய்க்குப் போகிறது. இரண்டு நாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் குளம் கட்டினால் காய் அழுகும். காலையில் ஒரே அளவாகத் தண்ணீர், மண்மேல் காய்ந்த இலைச் சருகு மூடாக்கு, தழைச்சத்து உரத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துவது, இவ்வளவு செய்தாலே அடுத்த கொத்துக் காய்கள் பெரும்பாலும் தப்பிக்கும். மிளகாய், குடைமிளகாயிலும் இதேதான்.

ரோஜாவுக்குப் போட்டா அடியிலேர்ந்து புதுக் கிளை வந்து கொத்துக் கொத்தா பூக்குமாமே?

ரோஜா வளர்ப்பவர்களிடம் இந்த நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது. ஆனால் மெக்னீசியம் குறைவாக இருக்கும் ரோஜாவுக்குப் போட்டால் இலை பச்சையாகும், செடி தேறும், அவ்வளவுதான். குறைவில்லாத செடிக்குப் போட்டால் கூடுதலாகப் பூக்கும் என்பதற்கு நம்பகமான சோதனை எதையும் நான் பார்த்ததில்லை. கவாத்து, ஆறு மணி நேரமாவது நேரடி வெயில், தொழு உரம், வாடின பூவை உடனே கிள்ளுவது, இந்த நான்கும் சரியாக இருந்தால் ரோஜா தானாகப் பூக்கும். இந்த நான்கில் ஒன்றைச் செய்யாமல் ஸ்பூன் கணக்கில் உப்பைப் போட்டுக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

கறிவேப்பிலை வெளுத்துப் போச்சு. போர் தண்ணிதான் ஊத்துறோம். ரெண்டு தடவை எப்சம் உப்பு போட்டும் மாறலை.

மாறாது. கொழுந்து வெளுத்திருக்கிறதா, அடி இலையா என்று பாருங்கள். கறிவேப்பிலையில் பெரும்பாலும் கொழுந்துதான் எலுமிச்சை மஞ்சளாகும், மேலே சொன்னபடி அது இரும்புச்சத்து. போர் தண்ணீர் கடினத் தண்ணீர். சுண்ணாம்பும் பைகார்பனேட்டும் சேர்ந்து மண்ணின் பிஎச்சை, அதாவது புளிப்பா காரமா என்று காட்டும் எண்ணை, 8 பக்கம் தள்ளிவிடும், அப்போது இரும்பு மண்ணில் இருந்தாலும் வேருக்கு எட்டாத வடிவத்துக்குப் போய்விடும். தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அதுதான் அடையாளம். கடினத் தண்ணீர் என்றாலே கால்சியமும் மெக்னீசியமும் இருக்கும் தண்ணீர், ஆகவே மெக்னீசியத்தை நீங்கள் தினமும் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எப்சம் உப்பு மண்ணைப் புளிக்க வைக்காது, அது ஏறக்குறைய நடுநிலையான உப்பு, பிஎச்சை அசைக்காது.

லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, அதாவது பெரஸ் சல்பேட், அதோடு அரை மூடி எலுமிச்சைச் சாறு கலந்து மாலையில் இலையில் தெளித்துப் பாருங்கள். சட்டை, சுவர், தரை மேல் பட்டால் துருக்கறை போகவே போகாது. மழைத் தண்ணீர் பிடிக்க வழியிருந்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை. புளித்த மோர் ஊற்றும் பழக்கத்தையும் பலர் சொல்வார்கள், தப்பில்லை, ஆனால் பாதி ட்ரம் சுண்ணாம்புத் தண்ணீருக்கு முன்னால் ஒரு டம்ளர் மோர் என்ன செய்துவிடும்.

நான் மண்ணே போடலை, கோகோ பீட்டும் மண்புழு உரமும்தான். எனக்கு வேணுமா?

உங்களுக்கு வேண்டியிருக்கலாம். கோகோ பீட் என்பது தென்னை நார்க்கழிவு. அதில் இயல்பிலேயே பொட்டாசியமும் சோடியமும் அதிகம், கால்சியமும் மெக்னீசியமும் குறைவு. போதாததற்கு நீங்கள் ஊற்றும் கால்சியம், மெக்னீசியத்தைத் தான் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். நல்ல கம்பெனிகள் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துக் கழுவி விற்கின்றன. மலிவுக் கட்டியில் கழுவுவதே அரைகுறையாக இருக்கும்.

அதனால் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் பிழிந்து, ஊறிய தண்ணீர் டீ நிறம் மாறி வெளுக்கும் வரை கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள். கலவையில் நாலில் ஒரு பங்காவது செம்மண்ணோ தோட்டத்து மண்ணோ சேருங்கள். அப்படியும் தக்காளி, கத்தரி காய்ப்பில் இருக்கும்போது அடி இலை நரம்புப் பச்சையாக மஞ்சளித்தால் எப்சம் உப்புக்கு அது சரியான இடம், அளவு மேலே இருக்கிறது. மழைத் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் மட்டும் ஊற்றுகிறவர்களுக்கும் இது பொருந்தும், அவற்றில் மெக்னீசியம் ஏறக்குறைய இல்லை. ஆனால் ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் நேர்மாறு, அது உப்பு கூடியது.

மணி பிளாண்ட், பாம்புச் செடி, வீட்டுக்குள்ள வச்ச பனை இதுக்கெல்லாம்?

மணி பிளாண்ட், பாம்புச் செடி இரண்டும் குறைந்த வெளிச்சத்தில் மெதுவாக வளர்கிறவை, சாப்பாடும் குறைவாகத்தான் கேட்கும். அவை மஞ்சளானால் பத்தில் எட்டு முறை தண்ணீர் அதிகம். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரமிருந்தால் உப்பும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம். கற்றாழை, அடீனியம் வகைகளுக்கும் அப்படியே. ஆர்க்கிட் உப்புக்குப் பயந்த செடி, அதற்கென்று உள்ள மெல்லிய உரமே போதும். பூச்சி பிடித்துத் தின்னும் செடிகளை ஆசையாக வாங்கி வைத்திருந்தால் அவற்றின் பக்கம் எப்சம் உப்பைக் கொண்டுபோகவே கூடாது, உரம் இல்லாத சதுப்பில் வளரப் பழகியவை அவை.

பனை வகை மட்டும் விலக்கு. அரிகா, பேரீச்சை போன்றவற்றில் மெக்னீசியம் குறைந்தால் பழைய மட்டையின் ஓரம் நெடுக அகலமான மஞ்சள் பட்டை விழும், நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். மஞ்சளோடு மட்டையில் ஆரஞ்சுப் புள்ளிகள் தெறித்து நுனி காய்ந்தால் அது பொட்டாசியக் குறைவு, அங்கே எப்சம் உப்பை மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமாகும். இலை நுனி மட்டும் பழுப்பாவது பெரும்பாலும் ஏசி அறையின் வறண்ட காற்று, அல்லது தண்ணீரில் உப்பு.

தென்னைக்கு மட்டும் அதிகாரிகளே போடச் சொல்றாங்களே, அது மட்டும் எப்படி?

அது தேவை பார்த்துச் சொன்னது. தென்னை வருடம் முழுக்கக் காய்க்கும், ஒவ்வொரு குலையோடும் சத்து வெளியே போகிறது. அதிலும் கேரளம், கன்னியாகுமரிப் பக்கம் மழை அதிகம், மண் புளிப்பு, மெக்னீசியம் கரைந்து ஓடிவிடும். பொட்டாஷும் தென்னைக்கு நிறையப் போடுகிறோம், அதுவும் மெக்னீசியத்தைத் தள்ளும். அதனால்தான் மஞ்சள் தெரியும் மரத்துக்கு ஆண்டுக்கு அரைக் கிலோ மெக்னீசியம் சல்பேட் என்பது காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பக்கத்திலிருந்து வரும் பரிந்துரை. காய்க்கும் மரம் ஒன்றுக்கு அரைக் கிலோ. இதைக் கேட்டுவிட்டு 12 அங்குலத் தொட்டிக்குக் கைப்பிடி போடுகிறவர்களை என்ன சொல்வது.

புளிப்பு மண்ணில் டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளும் போடுவார்கள், அதில் கால்சியமும் மெக்னீசியமும் இருக்கிறது, மெதுவாக வேலை செய்யும், புளிப்பையும் குறைக்கும். கோயம்புத்தூர், மதுரை, திருச்சி என்று ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அதைப் போடாதீர்கள்.

எப்சம் உப்பு, முட்டை ஓடு, வாழைப்பழத் தோல் எல்லாத்தையும் ஊறவச்சு ஒரே கரைசலா ஊத்தறேன். சரிதானே?

முட்டை ஓடு கால்சியம் கார்பனேட், தண்ணீரில் ஊறினால் கரையாது. மண்ணில் பொடியாகப் போட்டாலும் கரைய நாளாகும், அதுவும் நம் சுண்ணாம்பு மண்ணில் இன்னும் தாமதம். வாழைத் தோல் தண்ணீரில் கொஞ்சம் பொட்டாசியம் இறங்கும், அது மெக்னீசியத்தோடு போட்டி போடும் ஆள். ஆகவே உங்கள் வாளியில் உண்மையில் வேலை செய்வது எப்சம் உப்பு மட்டும்தான், மற்றவை கொசுவுக்கு வீடு. ஓட்டையும் தோலையும் மக்கும் குப்பையில் போடுங்கள், அங்கே அவற்றுக்கு மதிப்பு உண்டு.

கடை உரத்தோடு கலப்பதில் ஒரு எச்சரிக்கை. கால்சியம் நைட்ரேட்டோடு அடர்த்தியாகக் கலந்தால் ஜிப்சமாக மாறி அடியில் வெள்ளையாகப் படியும், டிஏபி என்ற தழை, மணிச்சத்து உரத்தோடு அடர்த்தியாகக் கலந்து வைத்தாலும் மெல்லப் படிவு வரும். ஹைட்ரோபோனிக்ஸ், அதாவது மண்ணில்லாமல் சத்துத் தண்ணீரில் செடி வளர்ப்பது, செய்கிறவர்கள் ஏ, பி என்று இரண்டு கேன் வைத்திருப்பதற்குக் காரணமே இதுதான். தனித்தனியாக, ஒரு வாரம் இடைவெளி விட்டுக் கொடுத்துவிடுங்கள், குழப்பமே இல்லை.

நத்தை, மாவுப்பூச்சி, எறும்பு எல்லாம் ஓடிடுமாமே?

ஓடாது. இது சமையல் உப்போடு குழப்பிக்கொண்டு வந்த கதை. செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்றால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி, பிறகு வேப்பெண்ணெயும் சோப்பும்.

ஏம்மா, நான் இயற்கை விவசாயம் பண்றவன். இது கெமிக்கல்தானே?

ஐயா, பூமியில் இயற்கையாகக் கிடைக்கும் கனிமமும் இது, ஆலையில் செய்வதும் உண்டு. மூலக்கூறு ஒன்றுதான், வேருக்கு வித்தியாசம் தெரியாது. அமெரிக்காவின் அங்ககச் சான்று விதிகளில் மண்ணில் பற்றாக்குறை இருப்பதை ஆவணமாகக் காட்டினால் மெக்னீசியம் சல்பேட்டுக்கு அனுமதி உண்டு. நீங்கள் இங்கே சான்றிதழ் எடுத்திருந்தால் போடுவதற்கு முன் சான்று தரும் அமைப்பிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு தகராறு வேண்டாம். நல்ல தொழு உரமும் இலை மக்கும் தொடர்ந்து போடுகிற நிலத்துக்குப் பெரும்பாலும் இதன் தேவையே வராது, பச்சை இலை மக்கினால் அதற்குள் இருந்த மெக்னீசியம் மண்ணுக்குத்தானே திரும்புகிறது.

எங்க வாங்கறது? குளிக்கிற உப்புன்னு ஆன்லைன்ல வருதே, அது ஆகுமா?

குளியலுக்கு விற்பதில் வாசனையும் சாயமும் சேர்த்திருந்தால் வேண்டாம். ஒன்றும் சேர்க்காதது என்றால் பொருள் அதேதான், விலை மட்டும் அதிகம். உரக்கடையில் மெக்னீசியம் சல்பேட், விவசாயத் தரம் என்று கேளுங்கள், அதுதான் மலிவு. உரப் பையில் மெக்னீசியம் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும், 9.5 பக்கம் இருக்க வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில், பெயர் எழுதி, சமையலறைக்கு வெளியே வையுங்கள். சர்க்கரை மாதிரி இருக்கும், குழந்தை கையில் போனால் ஆபத்து.

இடையில் ஒரு விஷயம்: சிங்க் சல்பேட்டும் இதுவும் பார்க்க ஒரே மாதிரி. சிங்க் சல்பேட் விலை கூட, அதனால் அதில் மெக்னீசியம் சல்பேட்டைக் கலந்து விற்கும் மோசடி இந்தியாவில் பழையது. சோதிக்க எளிய வழி உண்டு. டிஏபியைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து அதில் சிங்க் சல்பேட் கரைசலை விட்டால் கட்டி கட்டியாகத் திரியும், மெக்னீசியம் சல்பேட் அப்படி உடனே கட்டியாகத் திரியாது.

ஆர்வத்துல நிறைய போட்டுட்டேன். இலை ஓரம் கருகுது. இப்ப என்ன பண்றது?

முதலில் எல்லா உரத்தையும் நிறுத்துங்கள். தொட்டியின் அடி ஓட்டை அடைபடாமல் இருக்கிறதா என்று ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். பிறகு தொட்டியை நிழலுக்குக் கொண்டுபோய், தொட்டி கொள்ளும் அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் வழிய விடுங்கள். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கழுவிய உப்பை அதுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மெக்னீசியம் சல்பேட் நன்றாகக் கரையும் உப்பு, அதனால் கழுவினால் போய்விடும். ஆனால் அதோடு தழைச்சத்தும் போய்விடும், புதுத் துளிர் வந்த பிறகு கொஞ்சம் மண்புழு உரம் கொடுங்கள். கருகின இலை கருகினதுதான்.

மண் பரிசோதனை பண்ணினா மெக்னீசியம் தெரிஞ்சிடுமா?

தெரியும் என்று நினைத்துத்தான் பலர் போகிறார்கள். ஆனால் 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பார்க்கும் 12 விவரங்களில் கந்தகம் உண்டு, மெக்னீசியம் இல்லை. தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், பிஎச், உப்பின் அளவு, அங்ககக் கரிமம், இவ்வளவுதான். மெக்னீசியம் வேண்டும் என்றால் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுக்கும்போதே கால்சியம், மெக்னீசியம் தனியாகப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். நாலு தொட்டி வைத்திருப்பவருக்கு இதெல்லாம் தேவையில்லை, அடி இலையைப் பார்த்தால் போதும். ஏக்கர் கணக்கில் எலுமிச்சையோ தென்னையோ வைத்திருப்பவர் கட்டாயம் பார்க்க வேண்டும், முடிந்தால் மண்ணோடு இலையையும் சோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

நீங்க என்ன வேணா சொல்லுங்க அக்கா, நான் போட்டேன், பத்து நாள்ல செடி தளதளன்னு ஆயிடுச்சு. அப்ப நீங்க சொல்றது தப்புதானே?

ஆகியிருக்கலாம். உங்கள் தொட்டியில் உண்மையிலேயே மெக்னீசியம் குறைவாக இருந்திருந்தால் அது ஆச்சரியமே இல்லை, கழுவாத கோகோ பீட்டில் வளர்த்தால் இன்னும் நியாயம். கந்தகம் குறைவாக இருந்து அது நிறைந்திருக்கலாம், அப்படியென்றால் வெளுத்திருந்தது கொழுந்தாக இருந்திருக்கும். இன்னொன்றும் கேட்பேன், கோபித்துக்கொள்ளக் கூடாது: உப்புப் போட்ட அந்தப் பத்து நாளில் செடியை வழக்கத்தைவிட அதிகம் கவனித்தீர்களா, ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினீர்களா, இடையில் ஒரு மழை பெய்ததா? கோடை மழை ஒன்று பெய்தாலே மாடியில் எல்லாச் செடியும் தளதளக்கும்.

தெரிந்துகொள்ள ஆசையென்றால் ஒரே ரகம், ஒரே வயது, ஒரே கலவையில் ஆறு தக்காளிச் செடி வையுங்கள். மூன்றுக்கு எப்சம் உப்புக் கரைசல், மூன்றுக்கு அதே நேரத்தில் அதே அளவு வெறும் தண்ணீர். பைகளை மாற்றி மாற்றி அடுக்குங்கள், ஒரு பக்கம் மட்டும் வெயில் கூடுதலாக விழக்கூடாது. எது எது என்று பையின் அடியில் எழுதிவிட்டு, இலையின் நிறத்தைப் பார்த்துச் சொல்லும் வேலையை விவரம் தெரியாத வீட்டாள் ஒருவரிடம் விடுங்கள். காயை எண்ணி எடை போட்டுக் குறித்து வையுங்கள். வித்தியாசம் தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள், கூடவே என்ன கலவை, என்ன தண்ணீர் என்பதையும் சேர்த்து. இங்கேயே எழுதிவிடுகிறேன்.